எழுநூறு படிகளும் ஒரு ரொட்டி வண்டியும்

அப்பா பாரிஸுக்கு ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தார். மக்டபுர்க் ரயில் நிலையத்தில் அவருக்கு வேலையே அதுதான். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணக்குப் போட்டு எழுதுவது. அதே கையோடு பாரிஸையும் ஒரு ரயில் பாதையாக்கிவிட்டார். காலை ஏழு மணி வந்து சேர்தல். ஒன்பதரை ஈஃபில் கோபுரம், நாற்பத்தைந்து நிமிடம். பத்து நாற்பது லூவ்ர் அருங்காட்சியகம். ஒன்றேகால் மதிய உணவு, நின்றுகொண்டே. இப்படி மாலை ஆறரைக்குப் பேருந்து கிளம்பும்வரை பதினான்கு நிறுத்தங்கள். அதைத் தட்டச்சு செய்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் வருடம், மே மாதம். ஜெர்மனியை இரண்டாகப் பிரித்த எல்லைச் சுவர் திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை மேற்குப் பக்கம் போகும் உரிமை கிழக்கில் இருந்த எங்களில் யாருக்கும் இல்லை. திறந்ததும் ஊரே பேருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரவு பேருந்தில் தூங்கி, பகல் முழுக்கப் பாரிஸ் பார்த்து, மறுபடி பேருந்தில் தூங்கித் திரும்பும் பயணத்துக்கு அப்பா எங்கள் நாலு பேருக்கும் இடம் பிடித்திருந்தார். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா ஹெட்விக் அத்தை. எனக்கு அப்போது பதினைந்து வயது.

அத்தை தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பிரெஞ்சு தெரிந்தவள் என்று குடும்பத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அவளுடைய தாத்தா காலத்துப் பாடப்புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தானாகவே படித்தது. அதில் யாரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லோரும் பிரபுக்கள், எல்லோருக்கும் தோட்டம் இருக்கும்.

"நீ பேசறது அவங்களுக்குப் புரியுமா அக்கா?" என்று அப்பா பேருந்தில் கேட்டார்.

"டேய் எபர், எனக்குப் புரிஞ்சாப் போதும். அவங்க பாடு அவங்களுக்கு," என்றாள் அத்தை.

அம்மாவுக்கு இந்தப் பேச்சிலெல்லாம் சிரத்தை இல்லை. அவள் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ரோஸ்வித்தா என்பது அவள் பெயர்; அப்பாவுக்கு ரோஸி. ஊரில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினாள். கூரைக்கு அடியில், தரையிலிருந்து பதினெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து நாற்பது டன் வார்ப்புகளைத் தூக்கி, நகர்த்தி, இறக்குவாள். இருபத்திரண்டு வருடமாக அதே கூண்டு. வீட்டில் பல்பு மாற்றுவதும் அவள்தான், கூரை ஓட்டை அடைப்பதும் அவள்தான். ஏனென்றால் அப்பா நாற்காலிமீது ஏறினால்கூட முகம் வெளுத்துவிடும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பாத்தாப் போதும்," என்று அம்மா கிளம்பும் முன்பே சொல்லியிருந்தாள். "அந்தக் கோபுரம். மேல ஏறிப் பாக்கணும். மத்ததெல்லாம் நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன்."

பேருந்து எங்களை ராணுவப் பள்ளிக்கு எதிரே இறக்கிவிட்டது. முன்னால் நீளமான புல்வெளி. அதன் மறுகோடியில் கோபுரம். அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு அம்பத்தெட்டு. ரெண்டு நிமிஷம் முன்கூட்டியே வந்திருக்கோம்," என்று பெருமையாகச் சொன்னார். அதற்கப்புறம் அன்று முழுக்க அவருக்கு எதுவுமே நேரத்துக்கு நடக்கவில்லை.

லிஃப்டுக்கு வரிசை இரண்டு தூண்களைச் சுற்றி வளைந்திருந்தது. நின்றால் மதியம் ஆகிவிடும். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "படி இருக்கே," என்றாள்.

"எழுநூறு படி ரோஸி."

"அதுவும் ரெண்டாவது தளம் வரைக்கும்தான். அதுக்கு மேல படியில விடமாட்டாங்களாம். சரி, இருக்கிற வரைக்கும் ஏறுவோம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "யாராவது ஒருத்தர் பைகளைப் பாத்துக்கணும் இல்லையா? முட்டை, ரொட்டி, பிளாஸ்க் எல்லாம் இருக்கு."

"ஆமாமா, முட்டைக்குக் காவல் வேணும்," என்றாள் அத்தை. "பாரிஸ்ல முட்டைத் திருடனுங்க ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன்."

அப்பா தூணடியில் ஒரு பெஞ்சில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் ஏறினோம். ஹெட்விக் அத்தை முதல் தளத்தோடு நின்றுவிட்டாள். மூட்டு வலி என்றாள். அங்கே ஒரு மேஜையைப் பிடித்து, கொண்டுவந்திருந்த பன்னிரண்டு அஞ்சலட்டைகளையும் பரப்பி எழுத உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் மேலே போனோம்.

அம்மா ஏறுவது ஏறுவது மாதிரியே இருக்காது. கைப்பிடியைத் தொட மாட்டாள். ஒரே வேகம். நடுநடுவே நின்று இரும்பைத் தடவிப் பார்ப்பாள். "இந்த ரிவெட் ஆணியைப் பாரு இனேஸ். ஒண்ணுகூடக் கோணல் இல்ல. கையால அடிச்சிருக்காங்க." பிறகு மறுபடி அதே வேகம். எனக்கு மூச்சு வாங்கியது. காற்று கம்பிவலை வழியாக வந்து முடியைக் கலைத்தது. கீழே மனிதர்கள் கடுகு மாதிரி தெரிய ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது தளத்துக்குப் பாதி வழியில் ஒரு திருப்பத்தில் கூட்டம் தேங்கியிருந்தது. ஒரு பெரிய மனிதர். உயரமும் அகலமுமாக, எங்கள் வீட்டு அலமாரி அளவு. படியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர்கள் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் அவர் கையைக் கம்பியிலிருந்து பிரிக்கப் பார்த்தார். அந்த மனிதர் அடிபட்ட மாடு மாதிரி கத்தினார்.

அம்மா ஒரு கணம்தான் பார்த்தாள். "உங்கப்பா ரகம்," என்றாள். "கையைப் பிரிக்கவே கூடாது. பிரிச்சா இன்னும் கெட்டியாப் பிடிப்பாங்க."

அம்மாவின் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களில் வருடத்துக்கு ஒருவராவது கிரேன் ஏணியில் பாதியில் உறைந்துபோவார்களாம். அவர்களை இறக்குவது அம்மாவின் பொறுப்பு. அது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் கூட்டத்தை விலக்கிவிட்டு, அந்த மனிதருக்கு இரண்டு படி கீழே போய் நின்றாள். தன் கையை அவர் முதுகில் வைத்தாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். அப்படியே பேச ஆரம்பித்தாள், ஜெர்மனில்.

"உருளைக்கிழங்கு சூப்புக்கு மொதல்ல வெங்காயத்தைப் பொடிசா நறுக்கணும். அவசரப்படக் கூடாது. பொன்னிறமா வதங்கணும்..."

"அம்மா, அவருக்கு ஜெர்மன் புரியாதும்மா," என்றேன்.

"புரிய வேண்டாம். பேச்சு நிக்கக் கூடாது, அவ்வளவுதான். நீ அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கோ. அவ முகம் அவருக்குத் தெரியற மாதிரி மேல நில்லு."

நான் மேலே ஏறி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். என் மார்பைத் தொட்டு "இனேஸ்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஒதீல்" என்றாள்.

சூப்பு கொதிக்கும்போது அந்த மனிதரின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. அம்மா அவரைத் திரும்பவிடவில்லை. ஏணியில் இறங்குவதைப்போல முகம் படியைப் பார்த்தபடியே, பின்பக்கமாக. அவர் வலது கெண்டைக்காலில் ஒரு தட்டு தட்டினாள். காலைத் தன் கையாலேயே பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தாள். பிறகு இடது காலில் ஒரு தட்டு. ஐந்தாறு படிக்குள் அந்த மனிதருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தட்டினால் கால் இறங்கும். தட்டாவிட்டால் நிற்கும். கண்ணைத் திறந்தால் எதிரே தன் மகளின் முகம். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒதீல் சட்டென்று எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு எண், உரக்க. நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். தப்பாகச் சொன்னால் அவள் தலையாட்டித் திருத்தினாள். அன்று தரைக்கு வருவதற்குள் எனக்குப் பிரெஞ்சில் நூறுவரை எண்ணத் தெரிந்துவிட்டது. இன்றும் அறுபத்தொன்பதுக்கு அடுத்தது குழம்பும்; எழுபதை அவர்கள் அறுபது-பத்து என்பார்கள்.

சூப்பு முடிந்தது. தொழிற்சாலை மேஸ்திரியின் குடி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் முடிந்தது. அம்மாவுக்கு விஷயம் தீர்ந்துவிட்டது போல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரனும் உன்னை மாதிரிதான்," என்று அந்த மனிதரின் முதுகிடம் சொன்னாள். "சரக்கு ரயில் எப்ப வருதுன்னு சொல்றதுக்கு எங்க ஃபாக்டரிக்கு வருவான். வந்தா போக மாட்டான். கிரேனுக்கு நேர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பான். ஒருநாள் மூணு மணி நேரம் நின்னான். நான் கொக்கிக்காரங்க கிட்ட, யாருடா அவன், தலையில ஏதாவது விழுந்துடப் போகுது, துரத்துங்கன்னேன். கீழேருந்து கத்தறான், 'நீ இறங்கி வா, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கணும், என்னால ஏற முடியாது'ன்னு. கூடமே கேட்டுச்சு. இப்ப இந்தக் காலை வை, ஆ, அப்படித்தான். மெஷின் எல்லாம் நின்னுபோச்சு."

என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. நான் எண்ணுவதை மறந்துவிட்டேன். ஒதீல் என் கையைக் கிள்ளினாள்.

முதல் தளத்துக்கு வந்ததும் அந்த மனிதரைச் சுவரோரம் உட்கார வைத்தோம். அத்தை அஞ்சலட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சந்தர்ப்பம் அவளுக்கு. உடையைச் சரிசெய்துகொண்டு, அவர் எதிரே நின்று, புத்தகத்துப் பிரெஞ்சில் கேட்டாள். அவர் காதுக்கு அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் திருமேனியின் நலம் எவ்வாறுளது?"

அந்த மனிதர் கண்ணைத் திறந்து அத்தையை வெறித்துப் பார்த்தார். பிறகு, "செத்துட்டேன்னு எழுதிக்கோங்க தாயே," என்றார். அத்தை இதை எங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டு, "பாத்தியா, புரியுது!" என்று பூரித்தாள்.

அவர் பெயர் ஃபெர்னான். பாரிஸ்காரர்தான். ரொட்டிக் கடை வைத்திருந்தார். "நாப்பத்தி மூணு வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன்," என்றார். "ஒரு தடவைகூட ஏறினதில்ல. எவன் ஏறுவான்? இன்னிக்கு இவளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். பொம்மை வேணுமான்னேன், சைக்கிள் வேணுமான்னேன். கோபுரம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

இங்கிருந்து லிஃப்டில் இறங்கலாமே என்று அத்தை கேட்டாள். அவர் அந்தக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். அம்மா எழுந்து, கையை உதறி, "சரி, படியே," என்றாள்.

மீதி முந்நூற்றுச் சொச்சம் படிகளில் அத்தையும் எங்களோடு இறங்கினாள். அவள் மேலிருந்து ஃபெர்னானுக்கு ஊக்கம் கொடுத்தபடி வந்தாள். "துணிவு கொள்வீராக! தோட்டம் அண்மையில் உள்ளது!" என்றாளாம். தரை என்பதற்கு அவளுக்கு வார்த்தை தெரியவில்லை. ஃபெர்னான் நடுக்கத்துக்கிடையிலும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவர் கால் கொஞ்சம் லேசாக இறங்கியது.

கீழே அப்பா இரண்டு மணி நேரமாக முட்டைக்குக் காவல் இருந்தவர். அட்டவணைப்படி நாங்கள் அப்போது லூவ்ரில் இருக்க வேண்டும். கவலையில் தூணைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். நாங்கள் படியில் தெரிந்ததும், அம்மா ஒரு மலை போன்ற மனிதரைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். படியில் ஏறினார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்களுக்குக் கீழே வந்து ஃபெர்னானின் இடுப்பைப் பிடித்து, "விடு ரோஸி, நான் பிடிச்சுக்கறேன்," என்றார்.

அப்புறம்தான் எட்டிக் கீழே பார்த்தார். பதினோரு படி ஏறியிருந்தார். நான் பிறகு எண்ணினேன்.

அப்பா மெதுவாக ஃபெர்னானின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இப்போது யார் யாரைத் தாங்குகிறார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"எபர்," என்றாள் அம்மா.

"ம்."

"கீழ பாக்காதே."

"பாத்துட்டேன்."

அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பாவுக்குக் கீழே போய் நின்று, அவர் கெண்டைக்காலில் தட்டினாள். பிறகு ஃபெர்னானின் காலில். ஒருவர் மாற்றி ஒருவர், ஒரே சங்கிலியாக, இரண்டு ஆண்பிள்ளைகளும் இறங்கி மண்ணில் கால் வைத்தார்கள். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. ஃபெர்னான் முதலில் தரையைத் தொட்டுக் கும்பிடாத குறை. பிறகு அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு அப்பாவைக் கட்டிப்பிடித்தார். விடவே இல்லை. காலமெல்லாம் பிரிந்திருந்த அண்ணன் தம்பி மாதிரி இருவரும் நின்றார்கள். அத்தை நடுவில் நின்று, "ஏணி, நாற்காலி, மாடி முகப்பு, மூணுக்கும் பயமாம்," என்று அங்கேயும் இங்கேயுமாக மொழிபெயர்த்தாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் "எனக்கும்! எனக்கும்!" என்றார்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா அட்டவணையை எடுத்து விரித்தார். "லூவ்ர் போச்சு. ஆனா இப்பக் கிளம்பினா நோத்ர் தாம் தேவாலயத்தைப் பிடிச்சிடலாம். அங்கேருந்து..."

அம்மா கழுத்தில் சுற்றியிருந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். உடனே பார்வையை இறக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"மேல வரைக்கும் போனீங்களா?"

"பாதிதான். இவரு நடுவுல இருந்தாரே."

"அப்போ நீ பாக்கலையா?"

"பரவால்ல எபர். பாதிலயும் நல்லாத்தான் இருந்துச்சு. வா, நோத்ர் தாம் போலாம்."

அப்பா காகிதத்தைப் பார்த்தார். பதினான்கு நிறுத்தங்கள். மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து போட்டது. அதை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் காலுக்கு அடியில் செருகினார்.

"போ," என்றார். "மேல போய்ப் பாத்துட்டு வா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. பாரிஸ் பாக்க வந்ததே நீ பாக்கறதுக்குத்தான்."

"மறுபடி எழுநூறு படியா?"

"உனக்கு அது ஒரு கணக்கா ரோஸி?"

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் அவ்வளவு பக்கத்தில் அதுவரை பார்த்ததில்லை. தொழிற்சாலைக்காரிகளுக்கு வெட்கம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒதீல் என் கையை விடவில்லை. அவளுக்கும் பாதிதானே ஆகியிருந்தது. ஃபெர்னான் மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு ஒதீலின் கையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அவருக்கு அம்மா, மொழி தெரியாத, பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஒரு பெண்பிள்ளை. "என்னையே இறக்கிக் கொண்டாந்தவ. இவளை விட்டுடுவாளா என்ன?" என்றாராம் அத்தையிடம்.

மறுபடி ஏறினோம். இந்தத் தடவை ஒதீல் முன்னால் ஓடினாள். முதல் தளம், திருப்பம், ஃபெர்னான் மண்டியிட்ட இடம், அதைத் தாண்டி இரண்டாவது தளம். அம்மா நேராகக் கிராதிக்குப் போனாள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து நின்றாள்.

கீழே ஆறு வளைந்து போனது. பாலங்கள், வெள்ளை வீடுகள், சாம்பல் நிறக் கூரைகள், அதற்கப்புறம் இன்னும் கூரைகள், கடைசியில் வானத்தோடு கலந்த ஒரு நீலம்.

"இருபத்திரண்டு வருஷமா உயரத்துல உக்காந்து கீழயே பாத்துட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "கொக்கி எங்க, ஆள் எங்க, கால் எங்க. ஒரு நாள்கூடத் தூரமாப் பாத்ததில்ல. பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, சுவருதான்." பிறகு சிரித்தாள். "இங்க பாரேன். கீழ யாருக்கும் நான் பொறுப்பில்ல!"

ஒதீலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அம்மாவின் கையை இழுத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினாள். அதோ லூவ்ர். அதோ நோத்ர் தாம், இரண்டு கோபுரம். அதோ குன்றின்மேல் வெள்ளைத் தேவாலயம். அம்மா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னாள், ஒதீல் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் ஒதீல் வடகிழக்கே கூரைக் காட்டுக்குள் ஒரு புள்ளியைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டினாள். அவள் வீடு. நான் எவ்வளவோ பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அம்மா மட்டும் தெரிகிறது என்று தலையாட்டினாள்.

தூரத்தில் ஒரு கட்டடத்துக்கு மேலே மஞ்சள் கிரேன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சுமையை ஆட விடறான் பாரு. என்கிட்ட வேலை பாத்தா காதைத் திருகியிருப்பேன்," என்றாள். சனிக்கிழமையும் வேலை பார்க்கிறவன் பாவம் என்று, அவனுக்குத் தெரியவா போகிறது, கையையும் ஆட்டினாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது மணி ஒன்றரை. புல்வெளியில் அப்பாவும் ஃபெர்னானும் அத்தையும் சட்டமாக உட்கார்ந்து எங்கள் முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஃபெர்னானுக்கு அம்மா செய்த ஈரல் மசியல் பிடித்துப்போயிருந்தது. ஆனால் அதைத் தாங்கிய ரொட்டியைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"'இந்த அம்மையாருக்கு இந்த ரொட்டியா? என் தலைமுறைக்கே அவமானம்'ங்கறார்," என்றாள் அத்தை. "அவர் கடைக்கு வரச் சொல்றார். வரலைன்னா மறுபடி கோபுரத்துல ஏறிடுவாராம்."

அவர் வண்டி பக்கத்துத் தெருவில் நின்றது. ரொட்டி கொண்டுபோகும் மூடு வண்டி. முன்னால் அப்பாவும் ஃபெர்னானும். பின்னால் காலித் தட்டுகளுக்கு நடுவே மாவு மூட்டைமேல் அம்மா, அத்தை, நான், ஒதீல். பின்கதவு சரியாகச் சாத்தாது. ஃபெர்னான் அதைக் கயிற்றால் பாதி திறந்தபடி கட்டிவிட்டார். அப்படியே பாரிஸைச் சுற்றினோம். எல்லாவற்றையும் தாண்டிப் போன பிறகுதான் பார்த்தோம். முன்னாலிருந்து அப்பா, "லூவ்ர் வருது! இடது பக்கம்!" என்று கத்துவார். நாங்கள் காத்திருப்போம். பிறகு லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடு கதவிடுக்கில் தோன்றி, சின்னதாகி, ஒரு திருப்பத்தில் மறையும். அருங்காட்சியகம் மொத்தம் நாற்பது விநாடி. நோத்ர் தாமை ஃபெர்னான் இரண்டு தடவை சுற்றினார், ஏனென்றால் முதல் தடவை அத்தை தும்மிக்கொண்டிருந்தாள். ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். மாவு படிந்த மூன்று பெண்பிள்ளைகளும் ஒரு குழந்தையும்.

அத்தை அவரை முந்திக்கொண்டாள். "வணக்கம், தளபதியாரே! நாங்கள் ரொட்டிகள் அல்லோம், விருந்தினர்!"

காவலர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து வழிவிட்டார்.

ஃபெர்னானின் கடை ஒரு ஏற்றமான தெருவில் இருந்தது. அவர் மனைவி கல்லாவில் இருந்தார். கணவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, முதலில் அவர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரித்தார், பிறகு அழுதார். கடைசியில் முன்கதவில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டிவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எத்தனை தடவை சொன்னேன், நீ ஏறாதே, நான் கூட்டிட்டுப் போறேன்னு. ஆம்பளைங்க கேட்டாத்தானே?"

இதை அத்தை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா பாதியிலேயே, "எங்க வீட்லயும் இதே கதைதான்," என்றாள்.

பிறந்தநாள் கேக் வெட்டினோம். ஸ்ட்ராபெரி வைத்தது. பிறகு அடுப்பிலிருந்து நேராக எடுத்த ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, அப்பாவுக்கும் ஃபெர்னானுக்கும் ஒரு புட்டி சிவப்பு ஒயின். ஒதீல் என்னை மாடிக்கு இழுத்துப் போய்த் தன் பூனையைக் காட்டினாள். கீழே ஃபெர்னான் அம்மாவிடம் மாவைப் பிசையக் கொடுத்தார். அவள் கைவலுவைப் பார்த்து, "திங்கட்கிழமைலேருந்து வேலைக்கு வந்துடுங்க," என்றார். அப்பா உடனே, "முடியாது, இவளை அந்தக் கிரேன்லேருந்து இறக்கறதுக்கே எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு," என்றார். அத்தை அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அடுப்பறையே சிரிப்பில் அதிர்ந்தது.

ஆறு மணிக்கு யாரும் சொல்லாமலே அப்பா எழுந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஃபெர்னான் வண்டியை ஓட்டிய ஓட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அத்தை மட்டும் வழி முழுக்கக் கர்த்தரைக் கூப்பிட்டாள், சாதாரண ஜெர்மனில்.

ராணுவப் பள்ளிக்கு எதிரே பேருந்து இரைந்துகொண்டிருந்தது. எங்களைத் தவிர எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். ஃபெர்னான் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து அப்பாவின் தோளில் சாய்த்தார். நீட்டு ரொட்டிகள், முப்பதுக்குக் குறையாது, இன்னும் சூடு ஆறவில்லை. ஒதீல் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்திருந்த அவள் அம்மா மெதுவாகப் பிரித்தெடுத்தார். அத்தை படிக்கட்டில் நின்று கடைசியாக ஒரு பிரெஞ்சு வாக்கியம் சொல்லப் போனாள். பாதியில் விட்டுவிட்டுக் கையை மட்டும் ஆட்டினாள்.

பேருந்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லூவ்ரில் நாலு மணி நேரம் வரிசையாம். நோத்ர் தாமில் மழைக்கு ஒதுங்குவதுபோல் கூட்டமாம். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பல் வைத்தியர் திரும்பி, மாவு வெளுத்த எங்கள் நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க என்னங்க பாத்தீங்க?"

அப்பா சாக்கைத் திறந்தார். வாசனை வண்டி முழுக்கப் பரவியது. முதல் ரொட்டியை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினார். மற்றதெல்லாம் தானாகவே கைமாறிப் பின்வரிசைவரை போனது. "சொல்றேன், சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க," என்று அப்பா எழுந்து, ஓடும் பேருந்தில் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பெண்டாட்டி ஒரு ஆளைக் கையில பிடிச்சு எழுநூறு படி இறக்கினா..."

"இருநூறு போல அதிகம் சொல்றே. அதுவும் ரெண்டு ஆளு," என்றாள் அம்மா, வாய் நிறைய ரொட்டியோடு.